எட்டுச் சனிக்கிழமை உள்ளூராட்சி வகுப்பு: சம்பூரிலிருந்து போய்ப் படித்த ஒருத்தியின் மதிப்புரை

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில், ரியூஷன் நடக்கும் ஒரு மாடி வீட்டில், சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. உள்ளூராட்சித் தேர்தலில் நின்றவர்கள், இனி நிற்க நினைப்பவர்கள், தெரிவாகி சபைக்குள் போய்விட்டவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு சபைச் செயலாளர். பெயர்ப்பலகை இல்லை, பெயரைப் போட வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வகுப்பு, நாலாயிரம் ரூபா, இரண்டு தவணையில் கட்டலாம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் ஒரு மணிக்குத்தான் விடுவார்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

2025 மார்ச்சில் ஒரு அணி என்னைப் பிரதேச சபைத் தேர்தலுக்கு நிற்கக் கேட்டது. நான் சம்பூர். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன், மாதர் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். வேட்பாளர் தெரிவுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “தங்கச்சி எதுவரை படிச்சிருக்கிறீங்கள்?” பதினோராம் வகுப்பு என்றேன். “அப்ப ஓ.எல். ரிசல்ட்?” ரிசல்ட் இல்லை. 2006 டிசம்பரில் நான் சாதாரண தரம் எழுதியிருக்க வேண்டும். அந்த ஏப்ரலிலேயே சம்பூரில் குண்டு விழுந்தது. புத்தகப் பையைக் கூட எடுக்காமல் ஓடினோம். முதலில் மட்டக்களப்புப் பக்கம், பிறகு கிளிவெட்டி முகாம். ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு 25 வயது, மடியில் பிள்ளை. இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. “இல்லை” என்று மட்டும் சொன்னேன். சரி, பொம்பிளைப் பெயர் தேவைப்படுகிறது, இரண்டாவது பட்டியலில் போடுங்கோ என்றார் அவர். வட்டாரத்தில் நேரே போட்டியிடாதவர்களின் பட்டியல் அது.

அந்தப் பேச்சு எனக்கு நோகத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிய பிழையை அதற்குப் பிறகு நானே செய்தேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தேன், ஒரு தாளைக்கூட வாசிக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும், நன்றாகவே தெரியும். படித்தவர்கள் நிரப்பிய படிவம், நான் என்ன பார்ப்பது என்று நினைத்தேன். மே 6 தேர்தல் முடிந்தது, என் பெயர் வரவில்லை, மெஷினுக்குத் திரும்பிவிட்டேன். பெறுபேறு வந்து 18 நாள் போன பிறகு, மூதூரிலிருந்து ஒரு அக்கா எடுத்து, “நீ செலவு அறிக்கை குடுத்திட்டியா?” என்று கேட்டா. 2023இல் வந்த தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு வேட்பாளரும் 21 நாளுக்குள் செலவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குற்றம். எனக்கு நெஞ்சு தண்ணீராகிவிட்டது. நோட்டீஸ் அடித்த பற்றுச்சீட்டு, ஓட்டோக் கூலி எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, மாவட்டச் செயலகமான கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது இருபதாம் நாள். அந்த அக்காதான் இந்த வகுப்பைப் பற்றியும் சொன்னா.

முதல் நாள் நாங்கள் 19 பேர். ஐயா கரும்பலகையில் எதுவும் எழுதாமல் ஒரு கேள்வி கேட்டார்: “இலங்கையில் பாராளுமன்ற உறுப்பினராக வர என்ன படிப்பு வேண்டும்? சபை உறுப்பினராக வர?” சாதாரண தரம் என்றார்கள் சிலர். எட்டாம் வகுப்பு என்றார் ஒருவர். என் கையும் சாதாரண தரத்துக்குத்தான் உயர்ந்தது, அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்வியை நான் சட்டம் என்றே நம்பியிருந்தேன். ஐயா அரசியலமைப்பின் 90ஆம் உறுப்புரையைத் தமிழில் வாசித்தார். வாக்காளராக இருக்கத் தகுதியுள்ள எவரும், 91ஆம் உறுப்புரையில் சொன்ன தகுதியீனம் இல்லாவிட்டால், உறுப்பினராகத் தெரிவு செய்யப்படத் தகுதியுள்ளவர். அந்தத் தகுதியீனப் பட்டியலையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். சிறைத் தண்டனை இருக்கிறது, கடன் முறிவு இருக்கிறது, வேறு நாட்டுக் குடியுரிமை இருக்கிறது. அந்த இரட்டைக் குடியுரிமைத் தடை 2015இல் வந்து, 2020இல் போய், 2022இல் திரும்பி வந்தது. படிப்பு எங்கேயும் இல்லை. உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்திலும் இல்லை. கிராம உத்தியோகத்தராக வர உயர்தரம் சித்தியடைந்து போட்டிப் பரீட்சையும் எழுத வேண்டும், ஆனால் அவர் வேலை செய்யும் ஊருக்கு உறுப்பினராக வர எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழும்பி, “அப்ப இது பிழைதானே ஐயா?” என்று கேட்டான். ஐயா பதில் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை ஒரு சட்டத்தரணி வருவா, அவவிடம் கேள் என்றார்.

அந்த மூன்றாம் கிழமை வகுப்புக்கு மட்டுமே நாலாயிரம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வந்தவர் நகரத்தில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணி, இளம் பெண். 1911இலிருந்து தொடங்கினார். அப்போது சட்டசபையில் படித்த இலங்கையருக்கென்று ஒரே ஒரு ஆசனம். ஆங்கிலம் படித்த, வசதியுள்ள ஆண்கள் மட்டும் வாக்குப் போட்டு சேர் பொன்னம்பலம் இராமநாதனைத் தெரிவு செய்தார்கள். 1931இல் படிப்பு, சொத்து எதையும் கேட்காமல் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு வந்தது. படித்தவர்களுக்கு மட்டும் என்று இருந்த காலத்தில் உங்கள் பாட்டி எந்த வரிசையில் நின்றிருப்பா என்று யோசித்துப் பாருங்கள் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பாட்டி கைநாட்டு.

அடுத்தது ஹரியானா. அங்கே 2015இல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்பு வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுப்பிரிவு ஆண் என்றால் பத்தாம் வகுப்பு. பெண்ணுக்கும் தலித் ஆணுக்கும் எட்டு. தலித் பெண் பஞ்சாயத்து உறுப்பினராக நிற்க ஐந்து. வீட்டில் மலசலகூடம் இருக்க வேண்டும் என்றும் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதே வருடம் டிசம்பர் 10ஆம் திகதி சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ராஜஸ்தானில் 2014இல் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, 2019இல் எடுத்துவிட்டார்கள். பாகிஸ்தானில் 2002இல் பட்டதாரிகள்தான் பாராளுமன்றத்துக்கு நிற்கலாம் என்று ஆக்க, அந்த நிபந்தனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் நீக்கியது. அதற்குப் பிறகு போலிப் பட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. “எங்கட நாட்டிலும் 2024 டிசம்பரில் சபாநாயகர் கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் பதவி விலகினாரே” என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், சட்டம் கேட்காத பட்டத்துக்கே அவ்வளவு பிரச்சினை, சட்டம் கேட்டால் எப்படி இருக்கும் என்றார் சட்டத்தரணி.

நான் கொப்பியில் ஒரு கணக்குப் போட்டேன். கிளிவெட்டி முகாமில் எங்கள் வரிசைக் கொட்டில்களில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். யார் எட்டு முடித்தவர், யார் சாதாரண தரம் எழுதியவர். ஹரியானாச் சட்டத்தில் நான் தப்புவேன், பதினொன்று வரை போயிருக்கிறேனே. என் வயதுக்காரி ஒருத்தி ஏழோடு நின்றவள், அவள் தப்பமாட்டாள். முகாமில் தண்ணீர் பவுசர் வராத நாளில் அதிகாரிக்கு முன்னால் போய் நின்று கதைத்தவள் அவள்தான், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சாதாரண தரத்தைக் கேட்டால் இரண்டு பேரும் வெளியே. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் எப்படி நின்றது என்று எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காது.

காமராஜர் கதையும் வந்தது, வராமல் இருக்குமா? ஆறாம் வகுப்போடு நின்றவர் 1954இலிருந்து 1963 வரை முதலமைச்சராக இருந்து பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு கொடுத்தார் என்று ஒரு அண்ணன் உணர்ச்சியோடு சொன்னார். அதற்கு ஐயா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “காமராஜர் முதலமைச்சராக வருவதற்கு முதல் எத்தனை வருசம் கட்சி வேலை பார்த்தவர்? அது அவருடைய படிப்பு. உங்களுடையது எங்கே?”

வகுப்பின் உயிர் நாலாம், ஐந்தாம் கிழமை நடந்த பாதீட்டுப் பாடம். ஐயா ஒரு கற்பனைச் சபையை உருவாக்கி, அதற்கு முழு வரவு செலவுத் திட்டமும் எழுதி வைத்திருந்தார். ஆதன வரி, சந்தைக் குத்தகை, முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் ஒரு பக்கம், மீண்டுவரும் செலவினம், மூலதனச் செலவினம் மறுபக்கம். பாதீடு தோற்றுக்கொண்டே போனால் சபைத் தலைவரான தவிசாளரின் பதவியே போகலாம், அவ்வளவு முக்கியமான தாள் என்று சொல்லிவிட்டு, “இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்றார். எங்களில் இரண்டு பேர் பட்டதாரிகள், ஒருவர் ஆசிரியர். முக்கால் மணித்தியாலம் போனது. நான் கூட்டல் பிழை தேடிக்கொண்டிருந்தேன், கல்குலேற்றரில் இரண்டு தரம் கூட்டினேன், கணக்கு சரியாகத்தான் வந்தது.

என் பக்கத்தில் திருக்கடலூரிலிருந்து வரும் மாமி. மீன் வியாபாரம், வயது ஐம்பத்தைந்து இருக்கும், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அவருக்கு நான் வரி வரியாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். “ஆதன வரி நிலுவை, அறுபத்திரண்டு இலட்சம்” என்றதும் என் கையைப் பிடித்தார். “பொறு பிள்ளை. நிலுவை எண்டா வராத காசுதானே? வராத காசை வந்த காசோட ஏன் கூட்டியிருக்கு?” அவர் தினமும் கடனுக்கு மீன் கொடுத்துக் கொப்பியில் எழுதுகிறவர். அந்தக் கொப்பியில் இருப்பதை நம்பி அடுத்த நாள் கடற்கரையில் ஏலம் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் ஓட்டை. பல வருட நிலுவை முழுவதும் இந்த வருடமே வந்துவிடும் என்று எழுதி, அதை வைத்து வீதிக்குக் கல் போடத் திட்டம் போட்டிருந்தது அந்தச் சபை.

ஆனால் இதை வைத்து வாசிப்பு தேவையில்லை என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அந்த வரியை நான் வாசித்திராவிட்டால் மாமிக்கு அது தெரிந்தே இருக்காது. சபையில் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்து வாசிப்பார்கள்? வாசிக்கிறவர் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தால்? என் பெயர் போட்ட படிவத்தையே வாசிக்காமல் கையெழுத்து வைத்தவள் நான், அதனால் இது எனக்கு நன்றாகத் தெரியும். மாமிக்கும் தெரியும். ஐந்தாம் கிழமையிலிருந்து தேத்தண்ணி இடைவேளையில் அவர் வெளியே போவதில்லை, என்னையும் விடுவதில்லை. பிளேன்ரீயை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார்.

ஆறாம் கிழமை, சபையில் முன்வைக்கும் பிரேரணை எழுதும் பாடம். எங்கள் ஒழுங்கைக்கு வீதி விளக்கு கேட்டு நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எங்கள் மக்கள் பட்ட துன்பம், இருட்டில் பிள்ளைகள் ரியூஷன் விட்டு வருவது, யானைப் பயம், எல்லாம் இருந்தது. ஐயா சிவப்புப் பேனையை எடுத்துக் கீறிக்கொண்டே போனார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் மூன்று வரி மிஞ்சியது: எந்த வீதி, எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை, எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து பணம். “துன்பத்தை எழும்பி நிண்டு வாயால் சொல்லுங்கோ பிள்ளை. கூட்டறிக்கையில் பதிவது இந்த மூன்று வரிதான். நாளைக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்க உங்களுக்கு இது வேணும்.” கீறிய அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எப்படி விண்ணப்பிப்பது, 14 வேலை நாளுக்குள் முடிவு தர வேண்டும் என்பதையும் அன்றே சொல்லித் தந்தார். அதற்கு உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. நான் ஒன்று போட்டேன், பதில் வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும், காசு கொடுத்துப் போகிறவர்களுக்காக.

தாள்கள் மங்கலான போட்டோக்கொப்பி, எழுத்து எறும்பு மாதிரி. வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் வருகிற வகுப்பில் இது சின்ன விஷயம் இல்லை, பெரிய எழுத்தில் அடித்துத் தர வேண்டும். மாமி மாதிரி இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குத் தனியாக ஒரு மணித்தியாலம் வைக்கலாம். ஐயாவிடம் கேட்டேன், தன் உடம்பு தாங்காது என்றார். அப்படியானால் எங்களில் யாரையாவது வைத்துச் செய்யலாம், நான் தயார் என்று சொல்லியிருக்கிறேன்.

பெறுகை நடைமுறைக்கு ஒரே ஒரு வகுப்புத்தான். கேள்வி மனு (ரெண்டர்) கோருவது, விலை ஒப்பிடுவது, வேலை முடிந்ததா என்று பார்ப்பது என்று சபையில் காசு வெளியே போகிற வழி எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு கிழமையாவது வேண்டும். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைப் பற்றி ஒன்றுமே இல்லை, முக்கியமான இருபது முப்பது சொற்களாவது தந்திருக்கலாம்.

அப்புறம் சான்றிதழ். எட்டாம் கிழமை எல்லாருக்கும் ஒன்று தருகிறார். எட்டில் நாலு நாள் மட்டும் வந்தவருக்கும் அதே தாள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த தேர்தலில் அது நோட்டீசில் ஏறும், உள்ளூராட்சிக் கற்கை முடித்தவர் என்று. ஐயாவிடம் நேரே சொன்னேன்: ஒன்றில் ஒரு பாதீட்டைத் தந்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். யோசிப்பதாகச் சொன்னார். என்னுடையதை நான் வாங்கினேன், எட்டு நாளும் போனவள் நான்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்கு: சம்பூரிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் மூதூர், கிண்ணியாப் பாலம் தாண்டி நேரத்துக்கு வந்துவிடலாம். பஸ் நிலையத்திலிருந்து நடக்கலாம். மாடி அறையில் ஒரு மின்விசிறிதான், அதனால் யன்னல் பக்கம் இருங்கள். பெண்களுக்கு மலசலகூடம் கீழே, சுத்தமாக இருக்கிறது. பிள்ளையைக் கூட்டி வந்த ஒரு சகோதரிக்கு ஐயா வீட்டு அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டா, அதற்குக் காசு கேட்கவில்லை.

உறுப்பினராகிவிட்டவர்கள் கட்டாயம் போக வேண்டும். படிப்பு நிபந்தனை வேண்டும் என்று மேடையில் பேசுகிற பட்டதாரிகளும் போய் அந்தக் கற்பனைப் பாதீட்டுக்கு முன்னால் ஒரு முறை இருந்து பார்க்க வேண்டும். என்னைப் போல ரிசல்ட் கேட்டதும் தலை குனிந்தவர்களைத்தான் எல்லாருக்கும் முதலில் அங்கே பார்க்க ஆசைப்படுகிறேன். அடுத்த முறை யாராவது கூட்டத்தில் எதுவரை படித்தாய் என்று கேட்டால் பதினொன்று என்றே சொல்வேன், ஏன் பதினொன்றோடு நின்றது என்பதையும் சொல்வேன். பிறகு அந்த அணியின் தேர்தல் செலவுக் கணக்கை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பேன்.

அடுத்த வகுப்பு தொடங்கும் திகதியை ஐயா ஒரு கடதாசியில் எழுதி அந்த வீட்டுப் படியடியில் ஒட்டுவார். கொப்பி, பேனை, கல்குலேற்றர் கொண்டுபோங்கள். மாமி இரண்டாம் தரமும் சேர்ந்திருக்கிறார், இந்த முறை தானே வாசிக்கப் போவதாகச் சொன்னார். இரண்டாம் வரிசையில் யன்னலோரம் இருப்பார், பக்கத்துக் கதிரை காலியாக இருந்தால் அங்கே இருங்கள்.